உபவாசமும் தராசும்

தியானப் பகுதி: எஸ்றா 8:21-34



தாம்பரம் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு கன்வென்ஷன் என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில், இரும்புலியூரில், தி பெந்தெகொஸ்தே மிஷன் சபையாரின் தலைமையிடம் இருக்கிறது. 1924-ஆம் வருஷம் இலங்கையில் பாஸ்டர் பால், ஆல்வின் டி ஆல்விஸ் என்ற இருவர் மூலமாய் ஆரம்பமான ஊழியம் அது. அவர்களுடைய வருடாந்தர கன்வென்ஷன் வந்துவிட்டால், வெள்ளை உடை உடுத்தின ஜனங்கள் பல மாநிலங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாய் வந்து இறங்குகிறார்கள். நாம் வேறு சபையாராயிருந்தாலும் அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போது நம் உள்ளமும் களிகூருகிறது.

நம்மைப்போன்ற சிறிய ஐக்கியங்களுக்கும் வருஷக்கூட்டம் உண்டு. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று அங்கங்கே இருக்கிற சபைகள் ஒன்றாய்க் கூடுகிறோம். ஷாமியானா போடுகிறோம், மைக் செட் கட்டுகிறோம். மூன்று நாள் பாட்டு, செய்தி, சாட்சி, அபிஷேகக் கூட்டம், ஒரே பந்தியில் சாப்பாடு. கர்த்தருக்கே மகிமை!

ஆனால் மூன்றாம் நாள் காலையில், “இப்பொழுது வருடாந்தர பொதுக்குழு நடைபெறும், வரவுசெலவுக் கணக்கு வாசிக்கப்படும்” என்று அறிவித்தவுடனே என்ன நடக்கிறது? பாதிப்பேர் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் சிலர் ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். கேட்டால், “கணக்கு வழக்கெல்லாம் பெரியவங்க பாத்துக்குவாங்க பிரதர், நாம ஆவிக்குரியதைப் பாப்போம்” என்கிறார்கள்.

பிரியமானவர்களே, கணக்கு ஆவிக்குரியது அல்ல என்று நமக்குச் சொன்னது யார்? வேதம் சொல்லவில்லை.

எஸ்றாவைப் பாருங்கள். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு ஒரு கூட்டம் ஜனத்தைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறான். நாலு மாதப் பிரயாணம். வழியிலே கொள்ளைக்காரர் பயம். ராஜாவிடத்தில் குதிரைவீரரைக் கேட்க அவனுக்கு வெட்கம்; எங்கள் தேவன் எங்களைக் காப்பார் என்று ஏற்கெனவே சாட்சி சொல்லியாயிற்று. ஆகையால் அகாவா நதியண்டையிலே உபவாசம் கூறுகிறான். எல்லாரும் தங்களைத் தாழ்த்தி ஜெபித்தார்கள். கர்த்தர் கேட்டருளினார்.

இதுவரைக்கும் நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அடுத்த வசனத்தை நிறைய பேர் தாண்டிப் போய்விடுகிறோம். உபவாசம் முடிந்த உடனே எஸ்றா தராசைக் கையில் எடுக்கிறான்! ஆசாரியரில் 12 பேரைப் பிரித்தெடுத்து, வெள்ளி 650 தாலந்து, வெள்ளிப் பாத்திரங்கள் 100 தாலந்து, பொன் 100 தாலந்து என்று அவர்கள் கையிலே நிறுத்துக் கொடுக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 30 கிலோ என்று வைத்தாலும், அந்த 650 தாலந்து வெள்ளி மாத்திரம் 20 டன்னுக்குக் கிட்டத்தட்ட வரும். எருசலேம் போய்ச் சேர்ந்து மூன்று நாள் தங்கினார்கள். நாலாம் நாளிலே தேவாலயத்தில் எல்லாவற்றையும் மறுபடியும் நிறுத்தார்கள். எண்ணிக்கையும் பார்த்தார்கள், எடையும் பார்த்தார்கள், எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள்.

கவனியுங்கள். அந்த 12 பேரும் பரிசுத்தமாக்கப்பட்ட ஆசாரியர்கள்தான். எஸ்றா அவர்களைச் சந்தேகப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் நிறுத்தான். “என்னை நம்பமாட்டீர்களா?” என்று ஒருவரும் முகம் சுளிக்கவுமில்லை. உபவாசம் பண்ணினவன்தான் தராசையும் பிடித்தான். இரண்டும் ஒரே விசுவாசத்தின் கிரியை. இன்றைக்கு நமக்கு உபவாசம் வேண்டும், தராசு வேண்டாம்!

புதிய ஏற்பாட்டிலும் இப்படித்தான். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் சபையில் வந்த பிரச்சினை என்ன? சாப்பாட்டு விஷயம். அன்றாட விசாரணையில் கிரேக்க மொழி பேசின விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர்கள், “இதெல்லாம் ஒரு விஷயமா, ஜெபம் பண்ணுங்கம்மா” என்று அனுப்பிவிடவில்லை. சபை முழுவதையும் கூட்டினார்கள். பந்தி விசாரிக்க 7 பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அதற்கு என்ன தகுதி? நற்சாட்சி, பரிசுத்த ஆவியின் நிறைவு, ஞானம். சோறு பங்கிடுகிற வேலைக்கு ஆவியின் நிறைவு! அதற்கு அடுத்து 7-ஆம் வசனத்தைப் பாருங்கள். வசனம் பரவிற்று, சீஷர் பெருகினார்கள், ஆசாரியரிலும் அநேகர் விசுவாசித்தார்கள். எழுப்புதல் எப்போது வந்தது? விதவைகளின் பாத்திரத்தில் நியாயமாய்ச் சோறு விழுந்த பிறகு வந்தது.

15-ஆம் அதிகாரமும் ஒரு பொதுக்குழுதான். தர்க்கம் நடந்தது. பேதுரு எழுந்து பேசினார். பவுலும் பர்னபாவும் பேசும்போது கூட்டமெல்லாம் அமைதியாய்க் கேட்டது. கடைசியில் யாக்கோபு முடிவு சொன்னார். அதைக் கடிதமாய் எழுதி, நம்பிக்கையான ஆட்கள் கையில் அந்தியோகியாவுக்கு அனுப்பினார்கள். அந்தத் தீர்மானத்தைத் தங்களுடையதாக மாத்திரம் சொல்லாமல், பரிசுத்த ஆவியானவரையும் சேர்த்துச் சொன்னார்கள். ஆம், நாம் சலிப்பாய்ப் பார்க்கிற மினிட்ஸ் நோட்டிலே ஆவியானவர் பேசுவார்!

சரித்திரத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1744 ஜூன் மாதம் ஜான் வெஸ்லி லண்டன் பட்டணத்தில், பழைய பீரங்கி வார்ப்பட சாலையாயிருந்த ஒரு கட்டடத்தில், முதலாவது மெதடிஸ்ட் கான்பரன்ஸைக் கூட்டினார். அவரோடு சேர்த்து 10 பேர்தான். எதைப் போதிப்பது, எப்படிப் போதிப்பது, என்ன செய்வது என்கிற மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தக் கான்பரன்ஸ் பின்பு வருஷந்தோறும் நடந்தது. எழுப்புதல் காரர் என்று நாம் போற்றுகிற அதே வெஸ்லிதான் கேள்வி பதில் எழுதி வைத்துச் சபையை நடத்தினார்.

நம்முடைய பெந்தெகொஸ்தே முன்னோர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1914 ஏப்ரலில் அமெரிக்காவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஏறக்குறைய 300 பேர் கூடினார்கள். அமைப்பு வந்தால் ஆவியின் அனல் அணைந்துபோகும் என்று அநேகருக்குப் பயம். ஆனால் மிஷனெரிகளுக்குப் போகிற பணத்தை ஒழுங்காய் நடத்தவும், ஊழியரைப் பயிற்றுவிக்கவும் ஒரு வழி வேண்டியிருந்தது. முதல் சில நாட்கள் ஜெபத்திலும் ஆராதனையிலும் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகே அலுவலுக்கு உட்கார்ந்தார்கள். அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் அப்படித்தான் பிறந்தது.

நம்முடைய தாம்பரத்துக்கும் இப்படி ஒரு சரித்திரம் உண்டு. 1938 டிசம்பரில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் சர்வதேச மிஷனெரி கவுன்சிலின் மாநாடு நடந்தது. தலைமை வகித்தவர் ஜான் ஆர். மாட். 471 பிரதிநிதிகள் வந்தார்கள். முதலில் சீனாவில் நடக்க வேண்டிய கூட்டம் அது. ஜப்பான் படையெடுத்ததினால் இங்கே மாறினது. அந்த யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே சீன விசுவாசிகளும் ஜப்பானிய விசுவாசிகளும் இதே தாம்பரத்து மரநிழலில் கூடி உட்கார்ந்தார்கள், சேர்ந்து ஜெபித்தார்கள். இரண்டு தேசத்தார் யுத்தகாலத்தில் ஒன்றாய் உட்கார முடிந்ததே! ஒரே பஸ் ரூட்டில் இருக்கிற இரண்டு சபையார், ஒரு கட்டட நிதிக்காக முகம் பாராமல் இருக்கலாமா?

எங்கள் பக்கத்து ஐக்கியக் கூட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்லுகிறேன். கணக்கு வாசித்து முடிந்தபின் வயதான ஒரு தாயார் எழுந்தார்கள். இட்லிக்கடை வைத்துப் பிழைக்கிறவர்கள். “ஐயா, ஜெப வீட்டுக் கூரைக்குன்னு மாசம் நூறு ரூபா குடுத்தேனே, அது எந்த வரியில வருது?” என்று கேட்டார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பொருளாளர் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார். கடைசியில் அது “இதர வரவு” என்பதற்குள் இருந்தது. அந்தத் தாயார் கோபப்படவில்லை. “இதரன்னு போடாதீங்கய்யா, கூரைன்னு போடுங்க. இன்னும் கொஞ்சம் பேரு குடுப்பாங்க” என்றார்கள். சிரித்தவர்கள் தலைகுனிந்தார்கள். அந்த வருஷக் கூட்டத்தில் அதைவிடச் சிறந்த செய்தியை நான் கேட்கவில்லை.

தேவபிள்ளைகளே, நம் தேசத்தில் பெரிய பெரிய சபைகளின் தேர்தலும் சொத்தும் கோர்ட்டு வாசலில் நிற்கிறதைப் பத்திரிகையில் வாசிக்கிறோம். 1 கொரிந்தியர் 6-ஐ வாசித்துக் கண்ணீர் விடுகிறோம். ஆனால் அந்த வழக்குகள் கோர்ட்டில் பிறப்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் டீக்கடைக்குப் போய்விட்ட பொதுக்குழுக்களில் பிறக்கின்றன. சங்கமாய்ப் பதிவு செய்த சபைகளை 1975-ஆம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமே வருஷந்தோறும் பொதுக்குழு கூட்டச் சொல்லுகிறது. சர்க்கார் கேட்கிற கணக்கைக் கர்த்தர் கேட்கமாட்டாரா?

ஆகையால் இந்த வருஷக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு மூன்று வார்த்தை சொல்லுகிறேன்.

முதலாவது, ஊழியரே, தராசை நீங்களே எடுங்கள். யாராவது கேட்கட்டும் என்று காத்திராதேயுங்கள். பவுல் எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைத் தனியாய்க் கொண்டுபோகவில்லை; சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் நேர்மையாய் நடக்க நாடினார் (2 கொரிந்தியர் 8). கணக்கை ஒரு வாரம் முன்னதாகவே சபைகளுக்கு அனுப்புங்கள். கணக்கு எழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் வேறொருவராயிருக்கட்டும். இருவரும் ஒரே வீட்டாராயிருக்க வேண்டாம்.

இரண்டாவது, விசுவாசிகளே, உட்காருங்கள். கேளுங்கள். கேட்கிறது கலகம் அல்ல. குற்றம் பிடிக்கிற ஆவியோடு கேட்காமல், கூரைக்காகக் கவலைப்பட்ட அந்தத் தாயாரைப்போலக் கேளுங்கள். சகோதரிகளும் பேசட்டும். காணிக்கைப் பெட்டியில் அவர்கள் பணம் விழுகிறது. பொதுக்குழுவில் அவர்கள் சத்தம் கேட்க வேண்டாமா?

மூன்றாவது, பந்தியைப் பாருங்கள். உபாகமம் 16-இல் பண்டிகைக்கு யாரையெல்லாம் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது? லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. விசேஷ விருந்தாளிக்கு உள்ளே தனி மேஜை, பாத்திரம் கழுவுகிற சகோதரிக்குக் கடைசியில் அடிச்சோறு என்றால், அது கர்த்தருடைய பந்தி அல்ல.

பாட்டில் இறங்கின அதே ஆவியானவர் கணக்கு வாசிக்கிற நேரத்திலும் நம் நடுவில் இருக்கிறார். அவர் உட்கார்ந்திருக்கும்போது நாம் எழுந்து போகலாமா?

ஜெபிப்போம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, எங்கள் வருஷக்கூட்டத்தை உம்முடைய கரத்தில் தருகிறோம். எங்கள் ஆராதனையில் அக்கினியையும், எங்கள் கணக்கில் வெளிச்சத்தையும், எங்கள் பந்தியில் அன்பையும் தாரும். ஏழையின் காசு ஒன்றும் தொலைந்துபோகாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசுவின் மூலம் கேட்கிறோம், ஜீவனுள்ள நல்ல பிதாவே. ஆமென். அல்லேலூயா!