குதிகாலும் நேர்த்திக்கடனும்

நடையையே வழிபாடாகக் கொண்ட சமயங்களில், நடக்க மறுக்கும் கால் வைத்தியரோடு முடிந்துபோகிற விஷயமாக இருப்பதில்லை. தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நாள்கணக்கில் நடப்பவரும், பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையை 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு வலம் வருபவரும் தங்கள் பாதத்தையே காணிக்கையாக எடுத்துச் செல்கிறார்கள். அந்தக் காணிக்கையே பழுதுபட்டிருக்கும்போது, அதாவது ஆண்டுக்கணக்கில் தீராத குதிகால் வலியோடு ஒருவர் இந்த வழியில் இறங்கும்போது, வலியைத் தாங்கி நடப்பது தவமாகுமா, அல்லது தன் உடலுக்குத் தானே இழைக்கும் தீங்காகுமா என்ற கேள்வி எழுகிறது. செருப்பு அணிந்தாலோ பாதி வழியில் ஆட்டோ ஏறினாலோ நேர்த்தி தவறியதாகுமா என்பது அதன் கிளைக் கேள்வி; வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு விடை கிடைக்கும்.

விடை தேடுமுன் வலியின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் குதிகால் வலிக்குத் தனக்கே உரிய ஒரு குணம் உண்டு. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, பாதத்தின் உள்வளைவைத் தாங்கியபடி ஓடும் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. கடினத் தரையில் நெடுநேரம் நிற்பதாலும் நடப்பதாலும், உடல் எடையாலும், கெண்டைக்கால் தசை இறுகிப்போவதாலும், அந்தப் பட்டை எலும்போடு சேரும் இடத்தில் சிறு சிதைவுகள் ஏற்பட்டு ஆறாமல் தங்கிவிடுவதே நாள்பட்ட குதிகால் வலிக்கு மிகப் பொதுவான காரணம். நாட்டு வைத்தியத்தில் குதிகால் வாதம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவே. உறங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பட்டை சுருங்கிக் கிடக்கிறது. எழுந்து முதல் அடி வைக்கும் கணத்தில் உடல் எடை முழுவதும் அதை ஒரேயடியாக இழுக்கிறது. கிரிவலத்துக்கு மறுநாள் காலையில் சத்திரத்துப் பாயிலிருந்து எழுந்த ஒருவர், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகாலைச் சிமெண்டுத் தரையில் வைப்பதா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் நிலையில் இந்த நோயின் முழு இலக்கணமும் அடங்கிவிடும்.

ஆனால் பத்து இருபது அடி நடந்ததும் பட்டை இளகி வலி தணிகிறது. சமயச் சிந்தனைக்குச் சிக்கலை உண்டாக்குவது இந்தத் தணிவுதான். முதல் அடியில் உயிர்போன வலி கிரிவலப் பாதையிலுள்ள இந்திர லிங்கத்தைத் தாண்டியதும் குறைந்துவிட்டதென்றால், அதை அண்ணாமலையாரின் அருள் என்று அடியவர் கொள்வது மிக இயல்பானது. பழனி வழியிலும் முருகனே தூக்கிக்கொண்டு போகிறான் என்ற பேச்சு சாதாரணமாகக் கேட்கும். நார்ப்பட்டையின் நெகிழ்ச்சியும் அருளும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்று பக்தர் வாதிடலாம். அந்த வாதத்தில் தவறில்லை. எனினும் இந்த நோயில் நடுவழியில் வரும் சுகம், நடையின் கணக்கை மறுநாள் காலைக்கு ஒத்திப்போடுகிறதே தவிரத் தள்ளுபடி செய்வதில்லை. அருளின் அடையாளமாகத் தற்காலிக வலியின்மையைக் கொள்பவர், மறுநாள் வலி இருமடங்காகத் திரும்பும்போது அதை எதன் அடையாளமாகக் கொள்வார் என்பதற்கும் விடை சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே உடலின் ஏற்ற இறக்கங்களை இறைவனின் ஒப்புதலாகவோ மறுப்பாகவோ வாசிக்கும் பழக்கத்தை இந்த ஒரு நோயிலாவது விட்டுவிடுவது நல்லது.

இனித் தவம் என்னும் சொல்லைப் பார்க்கலாம். திருக்குறளின் தவம் அதிகாரம், தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பதையும் பிற உயிர்களுக்குத் துன்பம் செய்யாதிருப்பதையும் தவத்தின் வடிவமாகக் காட்டுகிறது. இங்கே பொறுக்கச் சொல்லப்படுவது வந்த துன்பம்; வரவழைத்துக்கொண்ட துன்பத்தைப் பற்றி அந்த இலக்கணத்தில் பேச்சில்லை. உண்ணாநோன்பு போன்ற விரும்பி ஏற்ற வருத்தங்களையும் தவம் என்று வழங்கும் மரபு உண்டென்றாலும், நோன்பு முடிந்தால் உடல் மீள்கிறது. சிதைந்த பட்டையை மேலும் சிதைப்பதில் அந்த மீட்சி இல்லை. முதலில் உடம்பை இழிவென்று எண்ணி, பின்னர் அதற்குள் இறைவன் கோயில்கொண்டிருப்பதைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் சொல்வதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், வலியைப் பெருக்குவதே வழிபாடு என்ற எண்ணத்துக்குத் தமிழ்ச் சமய மரபின் நடுவிலிருந்து ஆதரவு கிடைப்பது கடினம் என்பது புலப்படும்.

நேர்த்திக்கடன் என்ற சொல்லில் இருக்கும் கடன் வேறொரு சிக்கல். கடன் என்றால் சொன்னபடி தீர்க்க வேண்டும் என்ற அச்சம் பலரையும் வலியோடு நடக்க வைக்கிறது. வேதச் சடங்குகளின் பொருளை ஆராயும் மீமாம்சை என்னும் தரிசனம் இந்த அச்சத்தை மிகக் கறாராக அலசியிருக்கிறது. அது கடமைகளை நித்தியம் என்றும் காமியம் என்றும் பிரிக்கிறது: பலன் கருதாமல் எந்நாளும் செய்ய வேண்டியது நித்தியம், குறிப்பிட்ட பலனை விரும்பிச் செய்வது காமியம். நித்தியத்தை இயன்ற அளவில், சில அங்கங்கள் குறைந்தாலும் செய்யலாம். காமியத்திலோ எல்லா அங்கங்களும் நிறைவேற வேண்டும். இந்த அளவுகோலை யாத்திரைக்குப் பொருத்தினால் வியப்பான ஒரு முடிவு கிடைக்கிறது: அன்பினால் மட்டும் நடப்பவருக்குப் பாதி வழியில் நின்றுகொள்ளும் உரிமை உண்டு, மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று பேரம் பேசி நடப்பவருக்கு அது இல்லை. ஆனால் அதே மீமாம்சை, சடங்கைச் செய்யும் தகுதியை அதிகாரம் என்று பெயரிட்டு, செய்யும் ஆற்றல் உள்ளவருக்கே அது உண்டு என்றும் கூறுகிறது. நீக்கக்கூடிய உடற்குறை உள்ளவர் அதை நீக்கிக்கொண்டு தகுதி பெறலாம் என்பது அதன் நிலைப்பாடு. குதிகால் வலி பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையில்லாமலே, சில மாதங்களிலோ ஓராண்டிலோ தணிந்துவிடக்கூடியது. ஆகவே சடங்கு விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காத ஒரு தரிசனத்தின் கணக்குப்படியே பார்த்தாலும், காலைச் சரிசெய்துகொண்டு அடுத்த தைப்பூசத்துக்கு வருவது கடன் தவறுதல் ஆகாது.

இஸ்லாமிய மரபில் இதற்கு இன்னும் நேரடியான விடை இருக்கிறது. தம் இரண்டு மகன்களின் தோளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்த முதியவர் ஒருவர், கஅபாவுக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டவர் என்று கேள்விப்பட்ட நபிகள் நாயகம், இவர் தம்மை இப்படி வதைத்துக்கொள்வது இறைவனுக்குத் தேவையில்லை என்று கூறி அவரை வாகனத்தில் ஏறச் சொன்னதாக நபிமொழித் தொகுப்புகள் பதிவுசெய்கின்றன. கஅபாவை ஏழுமுறை சுற்றும் தவாஃப் என்னும் வலத்தையும், உடல்நலம் குன்றியிருந்த தம் மனைவி உம்மு ஸலமா வாகனத்தின் மேலிருந்தே செய்ய அவர் அனுமதித்தார். பௌத்தத்தில் புத்தரின் காலையே காணலாம்: ராஜகிருகத்தில் கற்சில்லு குத்திக் கடும் வலி கண்டபோது, மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்புறமாகச் சாய்ந்து படுத்து, கலங்காமல் அந்த வலியைப் பொறுத்தார் என்று சங்யுத்த நிகாயம் கூறுகிறது. பொறுத்தார், ஆனால் படுத்துக்கொண்டு பொறுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எனினும் வலியோடு நடப்பதன் பெருமையைப் பேசுபவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் பெரியபுராணம். அதிலும் குறிப்பாக அப்பர் என்னும் திருநாவுக்கரசர் கயிலைக்குச் சென்ற பகுதி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய அந்நூலில், முதுமையடைந்த அப்பர் காசியைக் கடந்து தனியே வடக்கு நோக்கி நடக்கிறார். பாதங்கள் தேய்ந்துபோகக் கைகளை ஊன்றிச் செல்கிறார். கைகளும் தேய மார்பால் நகர்கிறார். மார்பும் நைந்து எலும்பு முறிய உருண்டு செல்கிறார். அதற்கும் ஆற்றல் அற்றுக் கிடக்கிறார். இந்தப் படிப்படியான சிதைவைப் படிப்பவர் எவரும், இதைவிடத் தன் குதிகால் வலி எம்மாத்திரம் என்று வெட்கப்படத்தான் செய்வார். கதையை அங்கேயே நிறுத்திவிடுவோரே அதிகம் என்பது வேறு விஷயம்.

கதை அங்கே முடியவில்லை. சிவபெருமான் ஒரு முனிவர் வடிவில் எதிரே வந்து, மானிடர் கயிலையை அடைய இயலாது, திரும்பிச் செல் என்கிறார். அப்பர் மறுக்கிறார், கயிலையில் இறைவனைக் காணாமல் இந்த உடலோடு மீளமாட்டேன் என்கிறார். முனிவர் மறைகிறார், எழுந்திரு என்று வானில் ஒரு குரல் ஒலிக்க, அப்பர் ஊறு நீங்கிய உடலோடு எழுகிறார். அதன் பிறகே, அருகிலிருக்கும் குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் கயிலைக் காட்சியைக் காணும்படி ஆணை பிறக்கிறது. அவ்வாறே திருவையாற்றுக் குளத்தில் எழுந்தவர், பிடியோடு வரும் களிறு தொடங்கி எதிர்ப்பட்ட எல்லா உயிரினங்களையும் சக்தியும் சிவமுமாகக் காண்கிறார். இங்கே நிகழ்ச்சிகளின் வரிசை முக்கியமானது. தேய்ந்த உறுப்புகளோடு அவருக்குக் காட்சி கிடைக்கவில்லை. முதலில் உடல் சீராகிறது, பிறகுதான் காட்சி. அதுவும் அவர் இலக்காகக் கொண்ட வடகோடியில் கிடைக்காமல், சோழநாட்டிலேயே கிடைக்கிறது. அப்பரின் உறுதியை இறைவன் மெச்சினான் என்பது உண்மை. அந்த உறுதிக்கு அவன் கொடுத்த விடை, நடையை நிறுத்தச் சொன்னது என்பதும் அதே அளவுக்கு உண்மை. இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் மேடையில் சொல்வது சேக்கிழாருக்குச் செய்யும் நியாயமாகாது.

அதே நூலில் வரும் வேறு இரு அடியார்களின் பயணத்தையும் பார்த்தால் இது தற்செயலானதன்று என்று தோன்றும். சிறுவராகிய திருஞானசம்பந்தர், தந்தையின் தோளில் ஏறிச் செல்வதைத் தவிர்த்துத் திருவரத்துறைக்கு நடந்தபோது, அந்தப் பிஞ்சுப் பாதங்களின் வருத்தம் பொறாத இறைவன் அவருக்கு முத்துச் சிவிகையை, அதாவது முத்துப் பல்லக்கை, அளிக்கிறான். அவரும் அதில் ஏறிக்கொள்கிறார். கண் பார்வையை இழந்து நடந்துவந்த சுந்தரருக்குத் திருவெண்பாக்கத்தில் கிடைப்பது ஓர் ஊன்றுகோல். பல்லக்கு, ஊன்றுகோல், குளத்தின் வழியாக ஒரு குறுக்குவழி என, நடக்கச் சிரமப்பட்ட மூவருக்கும் இறைவன் ஏதோ ஒரு துணைக்கருவியைத் தந்திருக்கிறான். அதை வாங்கிக்கொண்டதால் அவர்களுடைய பக்தி குறைந்ததாகச் சைவ உலகில் எவரும் சொன்னதில்லை.

செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயிலுக்குள் வெறுங்காலோடு செல்வது மாற்றமில்லாத மரபு. தார்ச் சாலையில் வெறுங்காலோடு செல்வது வழக்கமே ஒழிய அதற்குச் சமமான விதியன்று. வேதாந்த தேசிகர் அரங்கனின் பாதுகையைப் போற்றி 1008 பாடல்கள் பாடிய நாட்டில், மெத்தென்ற அடிப்பாகமுள்ள ஒரு செருப்பை அணிய இத்தனை கூச்சம் தேவையில்லை. அதற்கும் மனம் ஒப்பாதவர்கள் தடித்த காலுறை அணிந்து நடப்பதுண்டு. ஒன்றுமில்லாததற்கு அது மேல். படுக்கையிலிருந்து இறங்குமுன் ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டிக் கெண்டைக்கால் இழுபடும்வரை சில முறை தன் பக்கமாக இழுத்துக்கொள்வதும், இரவில் குளிர்ந்த நீர்ப் புட்டியைத் தரையில் கிடத்திப் பாதத்தின் அடியில் உருட்டுவதும், நாள் முழுவதற்குமான தூரத்தை ஒரே மூச்சில் கடக்காமல் பிரித்துக்கொள்வதும் மருத்துவர்கள் சொல்லும் எளிய வழிகள். இவற்றில் கடைசியானதற்குத் திருவண்ணாமலையில் சமயச் சம்மதமும் உண்டு: நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் மெதுவாக மலையை வலம் வர வேண்டும் என்பது ரமணர் வட்டத்தில் வழங்கிவரும் அறிவுரை. வழியிலுள்ள அஷ்டலிங்கங்கள், அதாவது எட்டுத் திசைக்குரிய எட்டு லிங்கக் கோயில்கள், ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுவதற்கு இடமிருக்கிறது. நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் சில அடிகளை மட்டும் எச்சரிக்கையாக வைக்க வேண்டும். பௌர்ணமி நெரிசலைத் தவிர்த்து வேறு நாளில் சென்றால், இயலாத கட்டத்தில் ஏறிக்கொள்ள ஆட்டோ கிடைக்கும். பழனியில் மலையேற இழுவை ரயிலும் ரோப் காரும் உண்டு. அவற்றைக் கோயில் நிர்வாகமே நடத்துகிறது.

அப்பர் கண்ட கயிலைக் காட்சி ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் விழாவாக நடக்கிறது. தஞ்சாவூரிலிருந்து அங்கே செல்ல நகரப் பேருந்து உண்டு. தூரம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர்.