உப்புத்தாள் பிள்ளை கையில் இருக்கட்டும்

ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், நான்கு ஆணி, அச்சைத் தாங்க இரண்டு மரத்துண்டு. 1953இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் டான் மர்பி என்பவர் குருளைச் சாரணர்களுக்குக் கொடுத்த பொட்டலத்தில் இருந்தது இவ்வளவுதான். பிள்ளைகள் உட்கார்ந்து ஓட்டும் 'சோப் பாக்ஸ்' வண்டிப் பந்தயத்தில் சேர அவருடைய 10 வயது மகனுக்கு வயது போதவில்லை. மகன் ஏங்கி நிற்பதைப் பார்த்த தகப்பன், உள்ளங்கையில் அடங்கும் பந்தயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுதான் 'பைன்வுட் டெர்பி'.

முதல் பந்தயம் மே 15 அன்று நடந்தது. சரிவுப் பலகையின் உச்சியில் கார்களை நிறுத்தித் தடையை எடுத்துவிட வேண்டியதுதான். இஞ்சின் இல்லை, பேட்டரி இல்லை. புவியீர்ப்பே கார்களை இழுத்துக்கொண்டு போகும். இன்று அந்தப் பந்தயத்தில் கார் 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த எடையை எங்கே வைப்பது என்பதில்தான் பிள்ளையின் மூளைக்கு வேலை. பின்பக்கம் வைத்தால், சரிவில் நிற்கும்போது பாரம் சற்று உயரத்தில் இருக்கும். இறங்கும்போது அந்த உயரம் கூடுதல் வேகத்தைத் தரும். அச்சில் கொஞ்சம் கிராஃபைட் தூளைத் தடவினால் உராய்வு குறையும். பள்ளிப் பாடத்தில் பல பக்கம் படிக்க வேண்டியதைக் கை ஒரு மாலையில் கற்றுக்கொள்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை புதிதல்ல. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே பார்த்து ஆசைப்படும்படி செய்த சிறுதேரைச் சிறுவர்கள் உருட்டிக் களைத்துப்போவதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்தில் மூன்று சக்கரத் தேரோடு பிள்ளைகள் முற்றத்தில் திரிகிறார்கள்.

மரீனா பேயில் 2008இலிருந்து ஃபார்முலா ஒன் கார்கள் இரவில் சீறும் சிங்கப்பூரில், இந்த ஆசை வேறு வடிவம் எடுத்திருக்கிறது. 'எஃப் ஒன் இன் ஸ்கூல்ஸ்' என்ற பெயரில் பிரிட்டனில் தொடங்கிய போட்டியின் உலக இறுதிச் சுற்று 2015, 2018, 2023 உள்ளிட்ட ஆண்டுகளில் இங்கே நடந்தது. மாணவர்கள் அணியாகச் சேர்ந்து கணினியில் காரை வடிவமைக்கிறார்கள். ஆரம்பக் காலத்தில் எடை குறைந்த பால்சா மரக்கட்டையில் செதுக்கினார்கள். சிறிய கரியமிலவாயுக் குப்பி பின்னாலிருந்து தள்ள, 20 மீட்டர் தடத்தை அந்தக் கார் ஏறக்குறைய ஒரே வினாடியில் கடந்துவிடும். ஆதரவாளர் தேடுவதும் நடுவர்முன் பேசுவதும்கூடப் போட்டியில் சேர்த்தி.

அருமையான போட்டி. ஆனால் அதற்குக் கணினி வேண்டும், இயந்திரம் வேண்டும், கொஞ்சம் வளர்ந்த வயதும் வேண்டும். தேக்கா சந்தைக்கு அம்மாவோடு காய்கறி வாங்க வரும் ஏழு வயதுக்காரருக்கு அது இன்னும் தூரம். அவருக்கு மர்பியின் வழிதான் பொருந்தும்.

அதற்குக் கடைக்குக்கூட ஓட வேண்டாம். சாத்தே குச்சி அச்சாகும். உறிஞ்சுகுழாயை வெட்டி, பிள்ளை உப்புத்தாளால் தேய்த்த மரத்துண்டுக்கு அடியில் ஒட்டினால், குச்சி அதற்குள் தடையில்லாமல் சுழலும். பாட்டில் மூடிகள் சக்கரம். ஆனால் துளை சரியாக நடுவில் விழ வேண்டும், இல்லையென்றால் கார் நொண்டும். பழைய அலமாரிப் பலகை ஒன்றை நாற்காலிமேல் சாய்த்தால் பந்தயத் தடம் தயார்.

ஒரே ஒரு சிக்கல் உண்டு, அது பெற்றோரால் வருவது. பைன்வுட் டெர்பி நடக்கும் ஊர்களில் நெடுநாளாகச் சொல்லப்படும் குறை, காரை அப்பாவே செய்துவிடுகிறார் என்பது. பளபளப்பான கார் ஜெயிக்கும். அதன் சொந்தக்காரப் பிள்ளை பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். கோணலாக ஓடி மூன்றாவதாக வந்தாலும், பிள்ளை தானே தேய்த்த கார்தான் உண்மையில் அதன் கார்.

ஆகவே பெற்றோரே, இந்த வார இறுதியில் கத்தியும் துளையிடும் வேலையும் உங்களிடம் இருக்கட்டும். உப்புத்தாளைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.