வாதிடக் கற்பிப்பது முறைதானா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் சங்கத்தில் கல்லூரி மாணவர்களுக்காக நடைபெறும் பேச்சு வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்து கொண்டிருந்தார்கள். லுஹர் தொழுதுவிட்டு வந்த பெரியவர் ஒருவர் எம்மைக் கைகாட்டி நிறுத்தினார்.

"தம்பி, பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக் கொடுக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் மனத்தில் இல்லாததை நாவினால் பேசவும் சேர்த்தல்லவா கற்றுக் கொடுக்கிறீர்கள்? அதற்கு நம் மார்க்கத்தில் வேறு பெயர் உண்டே!"

பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எமக்கு விளங்கிற்று. முனாஃபிக் என்பதைக் காட்டிலும் ஒரு முஸ்லிமின் செவியைச் சுடும் சொல் அதிகம் இல்லை. பெரியவர் ஸலாம் கூறிப் போய்விட்டார். கேள்வி மட்டும் எம்மிடம் தங்கிவிட்டது.

அவர் குறிப்பிட்டது எதை என்று வாசக நேயர்களுக்குச் சொல்லிவிடுவோம். வகுப்பில் ஒரு தலைப்பைக் கொடுத்து, ஒட்டியும் வெட்டியும் பேசச் சீட்டுக் குலுக்கிப் பக்கம் பிரிக்கிறோம். தன் சொந்தக் கருத்து எதுவாயினும் சீட்டில் விழுந்த பக்கத்திற்காகவே மாணவர் வாதாட வேண்டும். இஃது எமது கண்டுபிடிப்பன்று. உலகப் பல்கலைக்கழகங்களின் விவாதப் போட்டி, 2004ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் 2015ஆம் ஆண்டு மலேசியாவிலும் நடந்தது. அதில் தலைப்பே பேச்சுத் தொடங்குவதற்கு 15 நிமிடங்களுக்கு முன்னர்தான் தெரியவரும். எந்தப் பக்கம் பேசுவது என்பதும் பேசுபவரின் விருப்பத்தில் இல்லை. நம்மவர் பட்டிமன்றம் மட்டும் என்ன? அங்கும் அணி பிரிப்பவர் வேறொருவர்தாம். (அங்கே வாதத்தைவிட நகைச்சுவைக்கே கைதட்டல் அதிகம் என்பது வேறு கதை.)

பெரியவருக்கு ஏதேனும் சமாதானம் சொல்லி நாமும் தப்பித்திருப்போம். அடுத்த மாதம் நிகழ்ந்த ஒரு சம்பவம் அதற்கு இடந்தரவில்லை.

அன்று கொடுத்த தலைப்பு: சங்கத்தின் கல்வி உதவி நன்கொடையாக அன்றித் திருப்பிச் செலுத்தும் கடனாகவே வழங்கப்பட வேண்டும். ஒட்டிப் பேசும் சீட்டு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவனுக்கு விழுந்தது. அவன் படிப்பதே அந்த உதவியில்தான். பையன் தயங்காமல் எழுந்தான். கடன் வாங்கிப் படிப்பவன் தலைநிமிர்ந்து நிற்பான் என்றான். திரும்பி வரும் பணம் அடுத்த பிள்ளையைப் படிக்க வைக்கும் என்றான். வட்டியில்லாக் கடனாகிய கர்ளன் ஹஸனாவை இஸ்லாம் எவ்வளவு போற்றுகிறது என்று விளக்கினான். இலவசமாகக் கிடைத்த பணத்தில் படிப்பைப் பாதியில் விட்ட ஒருவனின் கதையைச் சொல்லி முடித்தான். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் நிர்வாகக் குழு உறுப்பினர் இருவர் அமர்ந்திருந்தனர்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் அதையே தீர்மானமாகக் கொண்டு வந்தார். "உதவி வாங்கும் பையனே சொல்லிவிட்டான், இனி நமக்கென்ன தயக்கம்?" என்பது அவருடைய வாதம். முடிவு மறுமாதத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது.

செய்தி கேட்டு அந்த மாணவன் எம்மிடம் ஓடி வந்தான். "ஐயா, நான் நம்பிச் சொன்னதில்லை. சீட்டில் வந்தது, பேசினேன். அடுத்த வருஷம் என் தங்கச்சி கல்லூரிக்குப் போகணும். கடன் என்றால் அத்தா வேண்டாம் என்றுதான் சொல்வார். என் வாயால் அவள் படிப்பு நின்றுபோனால் நான் என்ன செய்வேன்?"

நாம் அவனிடம் கேட்டது ஒன்றுதான். "சரி, உன் வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது, சொல்."

நெடுநேரம் யோசித்தான். "தெரியவில்லை ஐயா. ஓட்டையே இல்லாமல்தானே கட்டினேன்."

குற்றம் அவனுடையதன்று, எம்முடையது என்பது அந்த விடையில் தெரிந்தது. கட்டக் கற்றுக் கொடுத்திருந்தோம். பிரித்துப் பார்க்கக் கற்றுக் கொடுக்கவில்லை.

வாதம் என்றாலே நம் மார்க்கத்திற்கு ஆகாது என்று சிலர் எண்ணுவதுண்டு. தம் பக்கம் சரியாயிருந்தும் வீண் தர்க்கத்தை விட்டுவிட்டவருக்குச் சுவனத்தின் ஓரத்தில் ஒரு வீட்டிற்கு நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பொறுப்பேற்றதாக வரும் ஹதீஸை அவர்கள் எடுத்துக் காட்டுவார்கள். உண்மைதான். ஆயினும், தன் கணவன் இழைத்த அநீதியைக் குறித்து நபியவர்களிடமே வந்து வாதிட்ட ஒரு பெண்மணியின் செயலால் திருக்குர்ஆனின் 58ஆம் அத்தியாயம் அல்முஜாதலா என்று பெயர் பெற்றிருப்பதை என்னென்பது? அந்த அம்மையார் கடிந்துகொள்ளப்படவில்லை. அவர் சொல் செவியேற்கப்பட்டது. அழகிய முறையில் விவாதியுங்கள் என்னும் கட்டளையும் அதே திருமறையில்தான் உள்ளது. ஆகவே வாதிடலாமா என்பதன்று கேள்வி. வாதத்தைப் பொறுத்தமட்டில் எவருக்கு என்ன கடமை என்பதே கேள்வி.

இதற்கு நாம் அறிந்தவரை மிகக் கனமான விடை, உம்மு ஸலமா நாயகி ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் இருக்கிறது. வழக்கோடு தம்மிடம் வந்தவர்களிடம் நபியவர்கள், தாமும் ஒரு மனிதரே என்றும், இருவரில் ஒருவர் மற்றவரைவிடத் திறமையாக வாதிட்டுவிடலாம் என்றும், கேட்டதைக் கொண்டே தாம் தீர்ப்பளிப்பதாகவும் கூறினார்கள். அவ்வாறு தம் சகோதரனின் உரிமை தமக்குத் தீர்ப்பாகக் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம், அது நெருப்பின் ஒரு துண்டு என்றும் எச்சரித்தார்கள். கேட்பவர் ஏமாறக்கூடும் என்பது இங்கே ஒப்புக்கொள்ளப்படுகிறது. பொறுப்போ தீர்ப்பளித்தவரின் தலையில் வைக்கப்படவில்லை, வென்றவரின் கையில் வைக்கப்படுகிறது. தன் சொல்லின் பலவீனம் எங்கே என்று வென்றவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது அல்லவா? தெரியாதவன் நெருப்பை நெருப்பென்று அறியாமலே மடியில் கட்டிக்கொண்டு போவான்.

இனி, சீட்டுக் குலுக்கிப் பேசுவது நயவஞ்சகமா? பொய் என்பது, நான் இதை நம்புகிறேன் என்று கேட்பவரை எண்ண வைப்பது. குலுக்கலைக் கண்ணால் கண்டவர்கள் முன்னே பேசும்போது அந்த ஏமாற்றுக்கு இடமில்லை. ஆகவே வகுப்புக்குள் அது பொய்யன்று என்றே துணிகிறோம். பிறர் பக்கத்தில் நின்று பார்க்காதவனுக்குத் தன் பக்கமே முழுதாகத் தெரியாது என்பதும் எம் அனுபவம். ஆனால் சொல் வகுப்புக்குள்ளேயே இருப்பதில்லையே!

இமாம் கஸ்ஸாலி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களுக்கு இது நேர்ந்தது. ஓர் இயலை அதன் ஆழம்வரை கற்காதவன் அதை மறுக்கத் தகுதியற்றவன் என்பது அன்னாரின் கொள்கை. எனவே தத்துவவாதிகளை மறுத்துத் தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா என்னும் நூலை இயற்றுவதோடு நில்லாமல், மகாஸிதுல் ஃபலாஸிஃபா என்ற நூலில் அத்தத்துவவாதிகளின் கொள்கைகளை, மறுப்பு ஏதும் கலவாமல், அவர்களே எழுதியதுபோல் எடுத்துரைத்தார்கள். இது விளக்கமேயன்றித் தம் கொள்கையன்று என்பதை முன்னுரையில் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இந்நூல் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. அதன் பெரும்பாலான பிரதிகளில் முன்னுரை இல்லை. விளைவு? தத்துவவாதிகளை மறுத்த இமாமை, இப்னு ஸீனாவைப் பின்பற்றிய ஒரு தத்துவவாதி என்றே ஐரோப்பியக் கல்விமான்கள் நெடுங்காலம் எண்ணிக்கொண்டார்கள்.

எம் மாணவனின் பேச்சும் முன்னுரை கழன்றுதான் குழுக் கூட்டத்திற்குப் போயிற்று.

பிரித்துப் பார்க்கும் கலை நமக்குப் புதிதன்று. இப்ராஹீம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் ஓர் அரசனோடு நடத்திய வாதத்தைத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் காண்கிறோம். உயிர் கொடுப்பவனும் மரிக்கச் செய்பவனும் என் இறைவன் என்றார்கள் நபி. நானும் அவ்வாறே செய்வேன் என்றான் அரசன். இரு கைதிகளை வரவழைத்து ஒருவனைக் கொன்று ஒருவனை விடுவித்தான் என்று விரிவுரையாளர்கள் கூறுவர். ஒரு சொல்லுக்கு இரு பொருள் கற்பித்துத் தப்புவதே அவன் தந்திரம். கொல்லாமல் விடுவது உயிர் கொடுப்பதாகுமா? இப்ராஹீம் நபி அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு மல்லாடவில்லை. சூரியனைக் கிழக்கில் உதிக்கச் செய்கிறான் இறைவன், நீ மேற்கில் உதிக்கச் செய் என்றார்கள். அங்கே இரு பொருளுக்கு வழியில்லை; அரசன் வாயடைத்துப் போனான். இந்த ஒரு வசனத்தை வைத்தே ஒரு மாத காலம் பாடம் நடத்தலாம்.

பின்வந்த அறிஞர்கள் இதை ஒரு கல்வியாகவே வகுத்தார்கள். ஷம்சுத்தீன் ஸமர்கந்தி என்பார் ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் எழுதிய சிறு நூல், முனாளரா என்னும் விவாத ஒழுங்கைக் கற்பிக்கிறது. அவ்வொழுங்கின்படி கேள்வி கேட்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒரு படியைச் சுட்டி அதற்குச் சான்று கேட்கலாம். அந்த வாதம் அப்படியே தவறான இடத்திற்கும் இட்டுச் செல்வதைக் காட்டலாம். எதிர் முடிவுக்குச் சமமான சான்று கொண்டு வரலாம். ஏளனத்திற்கும் ஆளைத் தாக்குவதற்கும் அதில் இடமில்லை. தமிழிலும் மணிமேகலையின் பிற்பகுதி, பிழையான வாதங்களைப் போலிகள் என்று வகைப்படுத்திக் காட்டுகிறது.

இக்காலக் கல்லூரிகளில் பெரிதும் கையாளப்படுவது, ஸ்டீஃபன் டூல்மின் என்ற ஆங்கிலேய அறிஞர் 1958இல் வெளியிட்ட நூலில் கண்ட முறை. முடிவு எது, அதற்குக் காட்டும் சான்று எது என்பதோடு, சான்றிலிருந்து முடிவுக்குத் தாண்ட வைக்கும் சொல்லப்படாத பாலம் எது என்று கேட்பதுதான் அதன் உயிர்நாடி. நம் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வோம்: "இந்தக் கடை முதலாளி முஸ்லிம், ஆகவே இங்கே சாப்பாடு ஹலால்." சான்று உண்மை. முடிவும் உண்மையாயிருக்கலாம். நடுவிலுள்ள பாலம், முஸ்லிம் முதலாளி வாங்கும் இறைச்சி, மசாலா யாவும் ஹலாலாகவே இருக்கும் என்பது. அது தாங்குமா? தாங்காது என்பதனால்தானே சான்றிதழ் கேட்கிறோம்! இதைக் கேட்ட பிள்ளைகள் சிரித்தார்கள்; பிறகு அவரவர் வழக்கமாகச் சாப்பிடும் கடையை எண்ணிச் சற்று மௌனமானார்கள்.

அந்த முறையைக் கொண்டு மாணவனின் பேச்சை அவனோடு உட்கார்ந்து பிரித்தோம். பாதியில் படிப்பை விட்டவனின் கதையை முதலில் எடுத்தோம். ஒருவன் கதை அது. கடன் வாங்கியவர்களில் படிப்பை விட்டவர் இல்லையா என்று எவரும் கேட்கவில்லை. திரும்பி வரும் பணம் அடுத்தவரைப் படிக்க வைக்கும் என்பதன் பாலம், எல்லாரும் படித்தவுடன் சம்பாதிப்பார்கள் என்பது. கர்ளன் ஹஸனாவைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி; ஆனால் தர்மத்தையும் மார்க்கம் போற்றுகிறதே! ஒன்றின் சிறப்பு மற்றொன்றை நிறுத்துவதற்குச் சான்றாகாது. தலைநிமிர்வு என்ற இடத்திற்கு வந்தபோது பையன் நின்றுவிட்டான். "இதில் மட்டும் ஓட்டை இல்லை ஐயா. உதவிப் பணம் வாங்கும்போது எனக்கே அப்படித்தான் இருந்தது" என்றான். தான் நம்பாததாக நினைத்துப் பேசிய பேச்சில் தான் நம்பும் ஒரு வரி இருந்ததை அவன் அப்போதுதான் கண்டான். சத்தியம் தம் நாவில் வெளிப்பட்டாலும் எதிராளியின் நாவில் வெளிப்பட்டாலும் ஒன்றே என்று இமாம் ஷாஃபியீ ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் கருதியதாகச் சொல்வார்கள். தொலைந்த ஒட்டகத்தைத் தேடுபவன் அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று பார்ப்பதில்லை.

மறுமாதக் குழுக் கூட்டத்தில் அவன் இரண்டு பக்கம் எழுதி வாசித்தான். முதல் பக்கத்தில் கடன் வேண்டும் என்போரின் வாதம், அவன் வகுப்பில் பேசியதைக் காட்டிலும் வலுவாக இருந்தது. தீர்மானம் கொண்டு வந்தவரே தலையசைத்தார். இரண்டாம் பக்கத்தில் அது எங்கெங்கே தாங்காது என்று காட்டினான். தலைநிமிர்வு பற்றிய வரியை மட்டும் மறுக்காமல் விட்டு, அதற்கு என்ன செய்யலாம் என்று குழுவையே கேட்டான். நீண்ட பேச்சுக்குப் பின் உதவி நன்கொடையாகவே தொடர்வதென்று முடிவாயிற்று. சம்பாதிக்கத் தொடங்கிய பின் விரும்புகிறவர் இன்னொரு மாணவரின் செலவை ஏற்கலாம், கட்டாயமில்லை என்ற வரி விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்டது. தீர்மானம் கொண்டு வந்தவருக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நிதி ஆண்டுதோறும் சுருங்கித்தான் வருகிறது.

பெரியவரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பழக்கம் பற்றிய தம் அச்சம் தீரவில்லை என்றார். தினமும் இரு பக்கமும் பேசிப் பழகிய நாவுக்கு ஒரு நாள் தன் பக்கம் எது என்றே மறந்துவிடாதா என்று கேட்டார். அதற்கு எம்மிடம் விடையில்லை. கஸ்ஸாலி இமாம் அவர்களே, தம் போதனையில் நிய்யத் தூய்மையாக இல்லை என்று கண்டு 1095ஆம் ஆண்டில் பக்தாதின் நிஜாமிய்யாப் பேராசிரியர் பதவியை உதறிச் சென்றவர்கள் அல்லவா?

சற்று நேரம் கழித்துப் பெரியவர், "குறைந்தபட்சம், பேசுமுன் இது சீட்டில் விழுந்த பக்கம் என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். முடித்ததும் அதன் ஓட்டை ஒன்றையாவது அவர்களையே காட்டச் சொல்லுங்கள்" என்றார்.

இப்போது வகுப்பில் அவ்வாறே செய்கிறோம். கைதட்டல் முன்னைவிடச் சற்றுக் குறைந்திருக்கிறது. பெரியவர் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார்.