இரும்புப் பிடியும் தன் முயற்சியும்

பிறர் நாட்டிய பிடியைப் பற்றி மேலேறியவன், "நானே ஏறினேன்" என்று சொல்லத் தகுமா? தன் முயற்சியை நம்பி வாழ விரும்பும் ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இதற்கு விடை காண, ஐரோப்பிய மலைப்பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

இத்தாலியின் வடபகுதியில் டோலமைட் என்னும் மலைத்தொடர் இருக்கிறது. அங்குள்ள செங்குத்தான பாறைகள் பலவற்றில் எஃகு வடம் ஓடுகிறது. இடைக்கிடையே இரும்பு முளைகளை அறைந்து, வடத்தைப் பாறையோடு பிணைத்திருக்கிறார்கள். ஏணிகளும் இரும்புப் படிகளும் உண்டு. இதனை அந்நாட்டார் 'வியா ஃபெர்ராட்டா' என்பர். இரும்புப் பாதை என்பது பொருள். ஏறுவோர் இடுப்பில் கச்சை கட்டி, அதனின்று புறப்படும் இரண்டு வார்களின் கொக்கிகளை வடத்தில் மாட்டிக்கொள்வர். முளை வந்ததும் ஒரு கொக்கியைக் கழற்றி அப்பால் மாட்டுவர். அது பற்றிய பின்னரே மற்றதைக் கழற்றுவர். இரண்டையும் ஒருசேரக் கழற்றுதல் ஆகாது.

இவ்வழக்கம் பழையது. ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் மலையில் 1843ஆம் ஆண்டிலேயே ஃபிரீட்ரிக் சிமோனி என்னும் அறிஞர் இரும்பு முளைகளும் கயிறும் அமைப்பித்தார். ஆயினும் டோலமைட் மலைகளில் இத்தகைய பாதைகள் பல, முதல் உலகப் போரில் பிறந்தவை. 1915 முதல் இத்தாலியப் படையும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையும் அச்சிகரங்களில் எதிரெதிரே நின்றன. வீரரும் உணவும் வெடிமருந்தும் மேலே செல்ல ஏணிகளும் கயிறுகளும் கட்டப்பட்டன. டோஃபானா டி ரோசெஸ் மலையின் அடியில் இத்தாலிய வீரர் பாறையைக் குடைந்து, எதிரிகள் இருந்த காஸ்டெலெட்டோ என்னும் குன்றின் கீழ் 35 டன் வெடிமருந்தை நிரப்பி, 1916 ஜூலை 11ஆம் நாள் வெடித்தனர். மனிதரைக் கொல்ல வெட்டிய அச்சுரங்கத்தின் வழியே இன்று மலையேறுவோர் விளக்கேந்திச் சென்று, லிப்பெல்லா என்னும் இரும்புப் பாதையை அடைகின்றனர்.

இனி நம் கேள்விக்கு வருவோம். பவுல் பிராய்ஸ் என்னும் ஆஸ்திரிய இளைஞர் 1911இல் இதே கேள்வியை எழுப்பினார். முளையும் கயிறும் ஆபத்துக் காலத்துக்கு மட்டுமே உரியவை. அவற்றையே நம்பி ஏறுதல் ஏற்றமாகாது. துணையின்றி இறங்க வல்லவனே ஏறத் தக்கவன் என்றார். வல்லுநர் பலர் மறுத்துரைத்தனர். 1913 அக்டோபரில் தனியே ஏறுகையில் அவர் விழுந்து இறந்தார், வயது 27. அவர் இறந்தமையால் அவர் கொள்கை பொய்யாயிற்று என்பது நேர்மையன்று. அவர் கூற்றில் உண்மை உண்டு. வடம் யாருடைய காலையும் தூக்கி வைப்பதில்லை. தன் வலிமையை அறியாது வடத்தை நம்பிச் சென்றவன் பாதி வழியில் கை சோர்ந்து தொங்குகிறான். தன்னோடு பிறரையும் துன்பத்தில் ஆழ்த்துகிறான்.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். முளை வேண்டாம் என்பவன் எவருக்கும் கடன்படாதவனா? பாறையின் அடிவரை பாதை வெட்டியவன் யார்? அவன் காலணியைத் தைத்தவன் யார்? அவன் பையிலுள்ள ரொட்டிக்கு உழுதவன் யார்? துணை பெறாத மனிதன் உலகில் இல்லை. ஆதலின், துணை பெற்றோமா என்பதன்று கேள்வி. பெற்ற துணைக்கு நாம் என் செய்தோம் என்பதே கேள்வி.

முளை அறைந்த போர்வீரன் மறைந்தான். அவனுக்குக் கடனைத் திருப்பித் தர இயலாது. பின்னால் வருபவனுக்கே தர இயலும். அதனாலேயே அப்பாதையில் சில ஒழுங்குகள் உள்ளன. இரண்டு முளைகளுக்கு இடையே ஒருவரே செல்ல வேண்டும்; ஏனெனில் மேலே செல்பவன் தவறினால், கீழே உள்ள முளை வரை சறுக்கிப் பின்வருபவன் மேல் வீழ்வான். கல்லை உருட்டலாகாது, உருண்டால் உரக்கக் கூவி எச்சரிக்க வேண்டும்.

மாலையில் மலைவிடுதியை அடைந்தாலும் இதுவே நெறி. டோஃபானா மலைகளின் இடையே, 2,500 மீட்டருக்கு மேல் ஜியுஸானி விடுதி இருக்கிறது. இத்தகைய விடுதிகளில் காலணியை வாயிலிலேயே கழற்றி வைப்பர். முன்பின் அறியாதவர்கள் ஒரே மேசையில் உண்டு, ஒரே அறையில் அருகருகே உறங்குவர். உன் குலம் என்ன, தொழில் என்ன என்று கேட்டு அங்கே படுக்கை தருவதில்லை. விடியுமுன் புறப்படுபவன், உறங்குவோர் விழிக்காதவாறு முன்னிரவிலேயே தன் பையைக் கட்டி வைத்துக்கொள்வான். காவலர் இல்லாத குளிர்காலத்திலும் பல விடுதிகளில் ஓர் அறை பூட்டாமல் விடப்படுகிறது. அங்கே தங்கியவன் தரையைப் பெருக்கி, போர்வையை மடித்து, கதவை நன்கு சாத்திச் செல்வது கடமை. அவனைக் காண்பார் எவருமில்லை. அவன் முகத்தை அடுத்து வருபவன் அறியப்போவதுமில்லை.

அன்பர்களே, காலடி எடுத்து வைத்தவன் நானே என்று சொல்வதில் தவறில்லை. தனியாக ஏறினேன் என்பதே பொய். தன் காலால் ஏறுக. பிறர் தந்த பிடியை வெட்கமின்றிப் பற்றுக. அது தளர்ந்திருக்கக் கண்டால், அடுத்தவன் கை வைக்குமுன் விடுதிக்காவலரிடம் சொல்லிச் செல்க.