கற்பிப்போர் கற்கக் கடமைப்பட்டவர்களா?



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம்மில் பலருடைய வாயில் வரும் பேச்சு ஒன்றுண்டு. "உத்தியோகம் என்றால் வாத்தியார் உத்தியோகம்தான், மே மாதம் முழுவதும் வேலை இல்லை, சம்பளம் மட்டும் உண்டு" என்பார்கள். அதே மனிதர்கள், பக்கத்து வீட்டு ஆசிரியை விடுமுறையில் சில நாள் பயிற்சி வகுப்புக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டால், "இருபது வருஷம் பாடம் சொன்னவருக்கு இனி என்ன பயிற்சி வேண்டிக்கிடக்கிறது?" என்றும் கேட்பார்கள். முதற்பேச்சு ஆசிரியரின் ஓய்வைக் குறை சொல்கிறது. இரண்டாம் பேச்சு அவருடைய படிப்பைக் குறை சொல்கிறது. ஓய்வும் கூடாது, படிப்பும் கூடாது என்றால், அவர் என்னதான் செய்வது?

ஆசிரியர்களுக்குள்ளும் இதைப்பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. விடுமுறை எங்கள் உரிமை, அதில் யாரும் கைவைக்கலாகாது என்பது ஒரு கட்சி. பிள்ளைகளுக்காகத்தானே, போய்வந்தால் என்ன என்பது மற்றொரு கட்சி. நமது பங்கில் ஆசிரியர் குடும்பங்கள் பல இருப்பதாலும், மற்ற குடும்பங்களின் பிள்ளைகள் யாவரும் ஏதோ ஓர் ஆசிரியரின் கையில் இருப்பதாலும், இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது நலம்.

கேள்வி இதுதான்: ஆசிரியர் கோடையில் கற்கப்போவது பிறர்சிநேகச் செயலா, நீதிக் கடமையா? அதாவது, செய்தால் புகழத்தக்கது, செய்யாவிட்டால் குற்றமில்லை என்ற வகையைச் சேர்ந்ததா? அல்லது கொடுத்தே தீரவேண்டிய கடனா? கடன் என்றால், கடனாளி யார்?

முதலாவது, பிள்ளையின் பக்கம் நின்று பார்ப்போம். அவரவருக்கு உரியதை அவரவருக்குக் கொடுப்பதே நீதி. கடையில் அரிசி வாங்கினால் நாம் தராசைப் பார்க்கலாம். அரிசியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அப்படிச் செய்ய முடியுமா? ஆசிரியர் சொல்வது சரியா, பழையதா, பாதியா என்று நிறுத்துப் பார்க்க அதனிடம் தராசு இல்லை. சொன்னதை நம்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. வாங்குகிறவர் சோதித்துப் பார்க்க இயலாத இடத்தில், கொடுப்பவரின் கடமை இரட்டிப்பாகிறது. வைத்தியர் விஷயத்தில் இதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறோம். முப்பது வருஷத்துக்கு முன் படித்த மருந்தோடு நின்றுவிட்ட வைத்தியரிடம் நம் தாயை அழைத்துக்கொண்டு போவோமா?

பாடமும் மாறுகிறது. நம்மில் பலர் பள்ளியில் ஒன்பது கிரகங்கள் என்று மனப்பாடம் செய்தோம். 2006-ஆம் ஆண்டில் சர்வதேச வானியல் சங்கம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்திற்று. கிரகங்கள் இன்று எட்டு. இதை அறியாத ஆசிரியர் இன்னும் ஒன்பது என்று சொல்லிக்கொடுத்தால், அவர் பொய் சொல்லவில்லைதான். ஆனால் பிள்ளைக்கு உரியது கிடைக்கவில்லை. பாடம் மாறாவிட்டாலும் பிள்ளைகள் மாறுகிறார்கள். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயினால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, எழுத்தும் எண்ணும் கற்கவேண்டிய வயதில் எத்தனையோ பிள்ளைகள் வகுப்பறையைக் காணாமலே இருந்தார்கள். அதன் பிறகு, 2022-ஆம் ஆண்டில் நமது மாநில அரசு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களுக்கு அதற்கென்று பயிற்சியும் கொடுத்தது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் அகரம் கூடச் சரியாய்த் தெரியாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது, பழைய அனுபவம் மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல.

"அனுபவம் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தச்சனுடைய உளி தேய்ந்திருந்தால் அது அவனுக்கு அவமானமில்லை. அவன் உழைத்தான் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் தேய்ந்த உளியைத் தீட்டாமல் அதைக்கொண்டே அடுத்த கதவைச் செதுக்கினால், குறை உளியினுடையதல்ல. அனுபவம் உளியைத் தேய்க்கவும் செய்கிறது என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது, கற்பித்தல் என்னும் செயலின் இயல்பைக் கவனிப்போம். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இதைப்பற்றி ஆழ்ந்து ஆராய்ந்து, ஆசிரியரை வைத்தியருக்கு ஒப்பிட்டார். வைத்தியர் ஆரோக்கியத்தை நோயாளியின் உடலுக்குள் ஊற்றுவதில்லை. உடலில் ஏற்கெனவே உள்ள இயற்கையின் வேலைக்கு உதவி செய்கிறார். அதுபோலவே ஆசிரியரும் அறிவைக் குடத்திலிருந்து குடத்துக்கு ஊற்றுவதில்லை; பிள்ளையின் புத்தி தானாக நடக்கவேண்டிய வழியில் அதற்குக் கை கொடுக்கிறார். இது உண்மையானால், பாடம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. பிள்ளையின் புத்தி எந்த இடத்தில் கால் தடுக்குகிறது என்பதும் தெரியவேண்டும்.

இங்கேதான் ஒரு விசித்திரமான தொல்லை இருக்கிறது. நெடுநாள் ஒன்றை அறிந்தவர், அதை அறியாதிருந்த நாளை மறந்துபோகிறார். ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்கும்போது பத்தின் இடத்திலிருந்து கடன் வாங்குவது ஆசிரியருக்கு ஒரு நொடி வேலை. பிள்ளைக்கோ அது மலை ஏறுவதுபோல. "இது கூடத் தெரியவில்லையா?" என்ற கோபம் பெரும்பாலும் கெட்ட மனதிலிருந்து பிறப்பதில்லை, இந்த மறதியிலிருந்தே பிறக்கிறது. இம்மறதிக்கு மருந்து ஒன்று உண்டு. ஆசிரியர் மறுபடியும் மாணவராய் உட்கார்ந்து, தமக்குத் தெரியாத ஒன்றின் முன் திகைக்கவேண்டும். பதில் தெரியாமல் தலை குனிந்திருப்பது எப்படியிருக்கும் என்று ஐம்பது வயதில் ஒரு நாள் உணர்ந்தவர், கடைசி வரிசைப் பிள்ளையிடம் அவ்வளவு எளிதில் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இந்த உண்மைக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கரையை அடுத்துப் பெனிக்கீஸ் என்றொரு சிறு தீவு இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த லூயி அகாஸி என்னும் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி, 1873-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அங்கே ஒரு கோடைக்காலப் பள்ளியைத் திறந்தார். நியூயார்க் வியாபாரி ஒருவர் தீவையும் ஐம்பதாயிரம் டாலரையும் நன்கொடையாகக் கொடுத்திருந்தார். கட்டட வேலை முடியாததால், தீவிலிருந்த பழைய கொட்டகை ஒன்றைச் சுத்தம் செய்து அதில் கூடினார்கள். வந்தவர்கள் ஏறக்குறைய ஐம்பது பேர். ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். பலர் பள்ளி ஆசிரியர்கள். பெண்களுக்கு உயர்கல்வியின் வாசல் அபூர்வமாகவே திறந்திருந்த காலம் அது. திறப்பு நாளில் அகாஸி எல்லாரையும் மௌனமாய்ப் பிரார்த்திக்கச் சொன்னார். விட்டியர் என்ற கவிஞர் பின்னர் அதைப் பாட்டாகவும் எழுதினார்.

அகாஸியின் முறை எளிது. புத்தகத்தை மூடி வை, பொருளைப் பார் என்பார். அவருடைய மாணவர் ஸாமுவேல் ஸ்கட்டர் என்பவர் தம் அனுபவத்தை எழுதி வைத்திருக்கிறார். முதல் நாள் பேராசிரியர் அவர் முன்னே ஒரு மீனை வைத்துவிட்டுப் போய்விட்டாராம். சில நிமிஷத்தில் எல்லாம் பார்த்தாயிற்று என்று மாணவர் நினைத்தார். ஆனால் மூன்று நாள் அதே மீனைப் பார்க்கவேண்டியதாயிற்று. பார்க்கப் பார்க்க, முதலில் காணாதவை கண்ணில் பட்டன. தெரியும் என்று நினைத்த பொருளின் முன் தெரியாதவராய் உட்காரும் பழக்கமே அவர் கொடுத்த கல்வி.

ஆனால் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. மனித இனங்கள் வெவ்வேறாகப் படைக்கப்பட்டவை, அவை சமமானவையல்ல என்று அகாஸி போதித்து வந்தார். மனித குலம் ஒன்றே என்னும் நமது விசுவாசத்துக்கும் அது விரோதம். பின்னால் வந்த விஞ்ஞானத்துக்கும் விரோதம். டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலைப்பற்றிய விவாதத்திலும், அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் ஆதாரங்களைப் பார்த்துத் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டபோது, அவர் மட்டும் 1873 டிசம்பரில் இறக்கும்வரை மாற்றிக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்குப் பார்க்கக் கற்பித்தவர், தாம் ஒருமுறை முடிவு கட்டிய விஷயத்தில் மறுபடி பார்க்க மறுத்தார். கோடைப் பள்ளி நடத்துகிறவருக்குக் கூடக் கோடைப் பள்ளி தேவைப்படுகிறது!

ஆகவே ஆசிரியர் தொடர்ந்து கற்பது நீதிக் கடமையே என்று முடிவு செய்யலாம். ஆனால் அவசரப்பட்டு அதோடு நின்றுவிட்டால் பாதி நீதியே செய்தவர்களாவோம்.

மூன்றாவது, ஆசிரியரின் பக்கமும் ஒரு வழக்கு இருக்கிறது. விடுமுறை அவருக்கு யாரோ போட்ட பிச்சையல்ல. விடுமுறை உண்டு என்ற காரணத்தாலேயே மற்ற அரசு ஊழியருக்குக் கிடைக்கும் அளவு ஈட்டிய விடுப்பு ஆசிரியருக்குக் கிடைப்பதில்லை. அதாவது, அந்த ஓய்வுக்கு அவர் விலை கொடுத்தாயிற்று. சில தனியார் பள்ளிகளிலோ விடுமுறை மாதத்துக்குச் சம்பளமே கொடுப்பதில்லை. ஆசிரியை ஒருவருக்கு வீட்டில் வயதான மாமியார், பரீட்சைக்குப் படிக்கும் மகள், வருஷம் முழுவதும் தள்ளிப்போட்ட வைத்தியம் இவையெல்லாம் அந்த ஒரு மாதத்துக்காகக் காத்திருக்கின்றன. ஓய்வு சோம்பல் அல்ல. களைத்த நிலம் தரிசாய்க் கிடப்பதும் அடுத்த விளைச்சலுக்காகத்தான்.

இதை நம் நாட்டுக் கல்வியாளர்கள் அறியாமல் இல்லை. 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி கல்விக்குழு, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்து வருஷச் சேவைக்கு ஒருமுறை இரண்டு அல்லது மூன்று மாதப் பயிற்சி கிடைக்கவேண்டும் என்று சிபாரிசு செய்தது. 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் ஏற்பட்டன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, வருஷத்துக்குக் குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. நாளுக்கு ஆறு மணி என்று வைத்தால் எட்டு அல்லது ஒன்பது நாள் கணக்கு. அளவு அதிகமென்று சொல்வதற்கில்லை. அந்த நாட்கள் யாருடைய கணக்கிலிருந்து எடுக்கப்படுகின்றன, அவற்றில் என்ன கொடுக்கப்படுகிறது என்பதே கேள்வி.

கட்டளையிடுகிறவருக்கும் கடமை உண்டு. விடுமுறை நாளை எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடு கொடுக்கவேண்டும். கடைசி நேரத்தில் அல்ல, முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். போகவரச் செலவையும், கைக்குழந்தையோடு வருகிறவரின் கஷ்டத்தையும் எண்ணிப்பார்க்கவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கொடுக்கும் கல்வி கல்வியாய் இருக்கவேண்டும். சுவரில் விழும் எழுத்துக்களை ஒருவர் வாசிக்க, நூறு பேர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்து, மாலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவது பயிற்சியாகாது. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஆசிரியரின் ஓய்வைப் பலியாக்குவது, பிள்ளைக்கும் பிரயோஜனமில்லாத ஓர் அநீதி.

நான்காவது, அதிகாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. வருகையைக் கட்டாயப்படுத்தலாம், கற்றலைக் கட்டாயப்படுத்த முடியாது. பிள்ளையின் புத்தியில் அறிவை ஊற்ற முடியாது என்றால், ஆசிரியரின் புத்தியிலும் ஊற்ற முடியாதுதானே! ஆகையால் இக்கடனின் கடைசிப் பகுதியை அரசாங்கமோ நிர்வாகமோ வசூலிக்க இயலாது. அதை அவரவர் மனச்சாட்சிதான் வசூலிக்கவேண்டும். பயிற்சி மோசமாயிருந்தது என்பது உண்மையான புகாராக இருக்கலாம். ஆனால் அது நான் கற்காமல் இருப்பதற்கு நிரந்தர மன்னிப்புச் சீட்டு ஆகாது. நல்ல பயிற்சி கிடைக்காத வருஷத்தில் ஒரு நல்ல புத்தகமாவது, பக்கத்துப் பள்ளியில் நன்றாய்ப் பாடம் நடத்தும் ஒருவரோடு ஒரு மாலைப் பேச்சாவது கிடைக்காமற் போகாது.

முடிவாக, கடனாளிகள் மூவர். ஆசிரியர் பிள்ளைக்குக் கடன்பட்டிருக்கிறார்: தெரியாததைக் கற்கவும், தெரிந்ததை மறுபடி பார்க்கவும். அரசும் நிர்வாகமும் ஆசிரியருக்குக் கடன்பட்டிருக்கின்றன: தகுந்த பயிற்சிக்கும், அதற்கான நாளுக்கும், எடுத்துக்கொண்ட ஓய்வுக்கும். மூன்றாவது கடனாளி நாம்தான். நம் பிள்ளைக்காக ஒருவர் தம் கோடையில் சில நாட்களைக் கொடுக்கும்போது, அதைக் கேலி பேசாமல் இருப்பது நம் பங்குக்குக் கொடுக்கவேண்டிய மிகச் சிறிய தொகை.

அதற்கு மேலும் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து முதல் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, "என் பிள்ளைக்கு எத்தனை மார்க்?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "பயிற்சியில் இந்த வருஷம் புதிதாய் என்ன படித்தீர்கள் டீச்சர்?" என்று மரியாதையோடு விசாரியுங்கள். நன்றாய்க் கற்று வந்தவர் அதைச் சொல்ல மகிழ்வார். கற்காமல் வந்தவர் அடுத்த கோடையில் சற்று யோசிப்பார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் பிள்ளையோ, பெரியவர்களும் படிக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொள்ளும்.