கம்பளமும் திணைமயக்கமும்: பெங்களூர்த் தடைக்கோரிக்கை குறித்த ஓர் அறநோக்கு

முன்னுரை

துளுநாட்டின் சேற்று வயல்களில் இணை எருமைக்கடாக்களை ஓட்டிப் பந்தயம் நிகழ்த்தும் வழக்கம் கம்பளம் எனப்படுகிறது. தென்கன்னட, உடுப்பி மாவட்டங்களில் வேளாண்மையோடும் பூதவழிபாட்டோடும் பிணைந்து வளர்ந்த இவ்வழக்கம், 2023 நவம்பர் 25, 26 ஆகிய நாள்களில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் முதன்முறையாக நடத்தப்பெற்றது. மீண்டும் அங்கு நடத்துவதை எதிர்த்து, பீட்டா அமைப்பு 2024இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தை அணுகியது. நகரத்தில் மட்டும் கம்பளத்தைத் தடைசெய்வது அறத்தின்பாற்படுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டப் பின்புலம்

2014 மே 7இல் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்தது. அத்தீர்ப்பின் தாக்கத்தால் கம்பளமும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைத் தமிழ்நாடும் கர்நாடகமும் 2017இல் திருத்தின. இத்திருத்தங்கள் செல்லும் என ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 மே 18இல் தீர்ப்பளித்தது. எனவே, கம்பளம் நடைபெறலாமா என்ற வினா, எங்கு நடைபெறலாம் என்ற வினாவாக மாறியுள்ளமை நோக்கத்தக்கது.

திணையும் மயக்கமும்

தடைகோருவோர் வாதம் இருவகைப்படும். கம்பளம் கரையோர மண்ணுக்குரியது, பெங்களூருக்கு உரியதன்று என்பது ஒன்று. எருமைகளை நெடுந்தொலைவு கொண்டுவருதல் வதையாகும் என்பது மற்றொன்று.

முதல் வாதம் தமிழ் ஆய்வாளர்க்குப் புதியதன்று. ஏறுதழுவல் முல்லைக்கலியில் இடம்பெறுவதும், எருமை மருதத்தின் கருப்பொருளாக எண்ணப்படுவதும் நிலத்திற்கும் வழக்கத்திற்கும் உள்ள உறவைக் காட்டுவன. ஆயினும் திணை மயங்குதலைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. நிலம் மயங்குதலையே விலக்குகிறார். நிலம் பெயராது; மக்களும் அவர்தம் வழக்கங்களும் பெயர்வர். பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்த துளுவர், தம் விழாவையும் உடன்கொணர்தல் இயல்பே. அந்நகரில் தலைமுறைகளாக வாழும் தமிழரும் தம் விழாக்களை அவ்வாறே பேணி வருகின்றனர்.

வயலை விட்டு நீங்கிய கம்பளம் வெறுங்காட்சியாகிவிடும் என்பர். செயற்கையாகக் குழைத்த சேற்றில் வயலின் பொருண்மை குறைவது மெய்யே. எனினும் பொருண்மைக் குறைவு திறனாய்வுக்கு உரியது, தண்டனைக்கு உரியதன்று.

வலியும் இடமும்

இரண்டாம் வாதமே வலிமையுடையது. எருமைக்குப் பண்பாடு இல்லை, வலி உண்டு. அதன் இசைவைக் கேட்டறியவும் இயலாது. மரபு என்ற சொல்லால் அவ்வலியை மறைத்தல் அறமாகாது. இன்னாசெய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் பிறவுயிரின் நோயை உணர்தலையே அறிவின் பயனாக்குகிறார். அந்நோய் எவ்விடத்தில் நேர்கிறது என்பதை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், இடம்பற்றிய தடையின் குறை விளங்கும். சாட்டையடி வதையெனின் மங்களூரிலும் அது வதையே. மங்களூரில் பொறுக்கத்தக்கது பெங்களூரில் பொறுக்கலாகாது எனின், அங்குக் காக்கப்படுவது விலங்கின் உடலன்று, நகரத்தாரின் கண்ணே. நாட்டுப்புறத்தில் நிகழ்வதைக் காணாதிருந்தால் போதும் எனும் மனநிலையை அருள் எனல் பொருந்தாது.

நகருக்கே உரிய துன்பம் ஒன்று உண்டு, அது பயணம். மங்களூருக்கும் பெங்களூருக்கும் இடையே ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவும் மலைத்தொடர்ச் சாலையும் உள்ளன. இத்துன்பத்திற்கு ஓய்விடங்கள், நீர், மருத்துவர், வண்டியில் ஏற்றும் எண்ணிக்கைக்கு வரம்பு ஆகியன தீர்வாகும். இவற்றை நிறைவேற்ற இயலாத குழுவிற்கு இசைவு மறுப்பது நேரிது. அம்மறுப்பு வதைக்கு எதிரானதாகுமேயன்றி விழாவிற்கு எதிரானதாகாது.

முடிவுரை

தேவையற்ற வலியும் துன்பமும் நேரலாகாது என்பதே கர்நாடகத் திருத்தம் விதித்த நிபந்தனை. தடையை எதிர்ப்போர் அதனைத் தம் கடமையாக ஏற்றாலன்றி அவர்தம் எதிர்ப்பு அறநிலை பெறாது. ஊரறிய நடக்கும் விழாவில் சாட்டையின் ஒவ்வோர் ஓங்கலுக்கும் சான்றாளர் பலர் உளர். அவ்வகையில், பெங்களூர்க் கம்பளம் விலங்கின் நலனுக்குத் துணையாகவும் அமையக்கூடும். தடை அச்சான்றாளரை அகற்றும், வலியை அகற்றாது.