கத்திக்கு முன்னால் சில நாள்

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்ணுக்கு விட்டுவிட்டு ரத்தப்போக்கு. ஸ்கேனில் கருப்பைவாயில் கட்டி என்று வந்துவிட்டால், அன்று மாலையே வீட்டுக் கூடத்தில் முடிவாகிவிடும்: “இனிமே எதுக்குக் கர்ப்பப்பை? எடுத்துடலாமே!” அக்காவும் நாத்தனாரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். கெட்டது உடம்பில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது என்ற தவிப்பு அது.

ஆனால் கட்டி இருக்கும் உறுப்பின் நோய்தான் அது என்று நிச்சயமில்லை. மிக அரிதாக, கருப்பைவாயிலும் சினைப்பையிலும் வளர்வது வெள்ளணுக்களின் புற்றான லிம்போமா. சிலருக்கு ரத்தப் புற்றான லுகேமியாவே முதலில் இப்படிக் கட்டியாகத் தலைகாட்டும். கருப்பைவாய் லிம்போமா மேல்படலத்துக்கு அடியில் வளர்வதால் பாப் ஸ்மியர் பல நேரம் ‘நார்மல்’ என்றே வரும். ஆழத்திலிருந்து சதைத் துணுக்கு எடுக்க வேண்டும்; அதுதான் பயாப்சி. அதை மெழுகில் பதித்து, இழை இழையாகச் சீவி, சிடி20 என்ற புரதத்தைத் தேடிச் சாயமேற்றுவார்கள். நுண்ணோக்கியில் அணுக்களைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால், அது பி வகை லிம்போமாவுக்கான முக்கியத் தடயம்.

அதோடு வைத்தியமே மாறிவிடுகிறது. இங்கே மருந்துதான் பிரதானம்: ரிடுக்ஸிமாப், கூடவே நான்கு மருந்துகள், பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அந்த நான்கில் ஒன்றான வின்கிரிஸ்டின், அடையாறு வீட்டுச் சுவரோரங்களில் தானாக முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிடுக்ஸிமாபை, 2007இல் ஹைதராபாதின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கியது. பலருக்கு நோய் குணமாகிறது. கருப்பையை எடுக்கத் தேவையே வராமல் போவதும் உண்டு. குழந்தைக்காகக் காத்திருக்கும் இளம்பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

இந்த இரு வகைப் புற்றையும் சேர்த்தே பார்த்த இடம் சென்னையிலேயே உண்டு. தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. மகப்பேறு மருத்துவம் படித்த சாந்தா, கைக்கு வந்த அரசு வேலையை விட்டுவிட்டு 1955இல் அங்கே சேர்ந்தார். 2021இல் மறையும்வரை அதுவே அவர் வீடு. கருப்பைவாய்ப் புற்றுக்கும் குழந்தைகளின் லுகேமியாவுக்கும் ஒரே வளாகத்தில் வைத்தியம் நடந்த இடம் அது.

“பயாப்சி எடுத்தா பரவிடும்” என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தில் துணுக்கு எடுக்காமலே கருப்பையை எடுத்துவிட்டு, பிறகு லிம்போமா என்று தெரிந்தால், கீமோ தொடங்கவே அறுவைப் புண் ஆற வேண்டும். வேகமாக வளரும் இந்த நோய்க்கு அந்த வாரங்கள்தான் ஆபத்து. பயாப்சி முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்கள் அல்ல.

மெழுகில் பதித்த துணுக்கை ‘பிளாக்’ என்பார்கள். அதைக் கேட்டு வாங்கி இன்னொரு மருத்துவமனையில் காட்டலாம். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பலர் தயங்குகிறார்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டாலும் கேட்கலாம்.